ஏழாவது சோழி

செல்லூர், மதுரை

மாப்பிள்ளை,

ஆறு மாசமாக எழுதவில்லை. திட்டுவதை முழுசாகத் திட்டி முடித்துவிட்டு அப்புறம் படி. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலை மாறிவிட்டான். உன் தங்கச்சிதான் நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை. காரணம் ஒரு சோழி.

போன வாரம் இராமேஸ்வரம் போயிருந்தோம். கடல் வற்றியிருந்த நேரம், பாறை இடுக்கில் கிடந்தது. கட்டைவிரல் நகமளவு, வெளிறிய மஞ்சள், எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பு. அப்பத்தாவின் தாயச் சோழி ஏழில் ஒன்று தொலைந்து நாற்பது வருஷமாகிறதே (எடுத்த கை எதுவென்று உனக்கே தெரியும்), ஈடு கிடைத்தது என்று பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் வீடு முழுக்கப் பிணவாடை. எலி செத்துக் கிடக்கிறதென்று ஏணி போட்டுப் பரணெல்லாம் துழாவினேன். கடைசியில் பார்த்தால் என் பை!

உயிரோடு இருந்திருக்கிறதடா. சோழி என்பது ஒரு கடல் நத்தை. தண்ணீருக்குள் அதன் சதை இரண்டு பக்கமும் ஏறி வந்து ஓடு முழுவதையும் போர்த்திக்கொள்ளுமாம். அந்த மினுமினுப்பு அப்படி வந்ததுதான். பயந்தால் சதையை உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் ஓடாகக் கிடக்கும். நான் ஏமாந்தது அங்கேதான். இராத்திரியில் பாசி மேயும், பெண் சோழி முட்டை மேலேயே உட்கார்ந்து காக்கும். நான் எடுத்து வந்தது ஆணோ பெண்ணோ.

மாலத்தீவில் அந்தக் காலத்தில் தென்னை ஓலையைக் கடலில் மிதக்கவிட்டு, ஒட்டிக்கொண்ட சோழிகளைக் கரைக்கு இழுத்து, மணலில் புதைத்து அழுகவிட்டு ஓடு எடுப்பார்களாம். 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அங்கே இருந்தபோதே அதைக் கொடுத்து வங்காளத்து அரிசி வாங்கியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில், இப்போது வங்கதேசத்தில் இருக்கும் சில்ஹட்டில் நிலவரியே சோழியில்தான், ரூபாய்க்கு 5,120. உன்னை எண்ண விட்டிருந்தால் கஜானா காலி. 1758இல் சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸ் இந்தச் சோழிக்கு அறிவியல் பெயர் வைத்தபோதும் ‘மொனேட்டா’, அதாவது காசு என்றே வைத்தார்.

இதையெல்லாம் ஒரு புத்தகத்தில் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் இதே சோழியைக் கப்பல் கப்பலாகக் கொட்டி மனிதர்களை வாங்கினார்கள் என்ற இடம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். நாம் திண்ணையில் ‘தாயம்! தாயம்!’ என்று கத்திக் குலுக்கியது இதைத்தான்.

ஓட்டைக் கழுவி மொட்டை மாடியில் காய வைத்திருக்கிறேன். நாற்றம் இன்னும் போகவில்லை. போனாலும் அப்பத்தாவின் ஆறோடு இதைச் சேர்க்க மனசு வராது. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது அந்தப் பழையதை எடுத்துக்கொண்டு வா. கேள்வி கேட்க மாட்டேன்.

உன் பங்குக் காயை வெட்டியவன்