நீ நினைக்கிற மாதிரி இல்ல மக்கா

மக்கா,

உன் வாய்ஸ் நோட்ட பஸ்லதான் கேட்டேன், வேலை முடிஞ்சு தூத்துக்குடிலருந்து வரும்போது. ஆத்தூர்ல ஆரம்பிச்சேன், ரெண்டாவது தடவையும் கேட்டு முடிக்கயில ஆறுமுகநேரி உப்பளம் வந்துட்டு. பதிலுக்கு நானும் பேசி அனுப்பிருவேன், ஆனா நம்ம வீட்டுல பேசுனா அடுத்த தெரு வரைக்கும் கேக்கும், இது மத்தவிய காதுல விழக்கூடாத சமாச்சாரம், அதான் எல்லாரும் தூங்குன பொறகு திண்ணைல உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் போவும், வெள்ளிக்கிழம லீவுல படி.

"நீ பெத்தவியளுக்காக மெட்ராஸ் வேலைய தூக்கிப் போட்டுட்டு வந்துட்ட, நான் பாரு அம்மா கண் ஆபரேஷனுக்குக்கூட வராம ஷார்ஜால கெடக்கேன்"னு சொல்லும்போது உனக்கு தொண்ட அடைச்சுட்டு, எனக்கு வேற மாதிரி அடைச்சுது. ஏன்னா அதுல பாதி பொய்டா. பொய்ய நீ சொல்லல, நான் சொன்னது, சரியா பாத்தா நானும் சொல்லல, மத்தவிய சொன்னத நான் மறுக்கல, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு பிப்ரவரில ஸ்ட்ரோக் வந்தது உண்மை. இடது கை இடது கால் இழுத்துக்கிட்டதும் உண்மை. ஆனா மார்ச்லயே கம்பெனில என்னைய பிஐபில போட்டுட்டாவ. அப்படின்னா என்னன்னு உனக்கு வெளங்காது, மூணு மாசம் டைம் தாரோம் திருந்துன்னு பேப்பர்ல எழுதிருப்பாவ, திருந்துனாலும் வெளியதான். பதினோரு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கு, நாங்க பத்து பேர் பாத்த வேலைய ஆட்டோமேஷன் போட்டு மூணு பேர் பாக்குற மாதிரி ஆயிட்டு, மிச்ச ஏழு பேர்ல நான் ஒருத்தன். ஹெச்ஆர் பொண்ணு, என் மக வயசுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், சிரிச்ச மொகத்தோட "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் கிளீனா இருக்கும் சார்"னு சொல்லிச்சு. போட்டேன். சோழிங்கநல்லூர் சிக்னல்ல பைக்க நிறுத்திட்டு அம்மாவுக்கு போன் பண்ணி "ஊருக்கே வந்துடுறேம்மா"ன்னேன், அம்மா உடனே "எங்களுக்காகவால வேலைய விட்ட"ன்னு அழுதா. இல்லன்னு அந்த நேரத்துல எப்படிடா சொல்றது? அன்னைக்கு சொல்லாதது இன்னும் சொல்லல. என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும், இப்ப உனக்கு.

மனசுல ஊருக்கு வரணும்னு இல்லாமலும் இல்ல, அதையும் சொல்லிருதேன். 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுனது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு 800 பேர் மாட்டிக்கிட்டது, ஏரல் பாலம் போனது. நீ அங்கருந்து எனக்கு போன் போடுத, நான் ஊருக்குப் போடுதேன், டவரே இல்ல. மூணு நாள். நான் ஆபீஸ்ல ஸ்டாண்டப் மீட்டிங்ல "நோ பிளாக்கர்ஸ்", வேலைக்கு ஒரு தடங்கலும் இல்லன்னு சொல்லிட்டு இருந்தேன்டா, அப்பா அம்மா உயிரோட இருக்காவளா இல்லியான்னு தெரியாம. நாலாம் நாள் அப்பா லைன்ல வந்து மொத வார்த்த என்ன கேட்டாவ தெரியுமா, "அங்க மழையால?" அன்னைக்கே நான் கெளம்பிருந்தா நீ சொல்றது முழு உண்மையா இருந்திருக்கும். கெளம்பல. வீட்டு லோனு, மக ஸ்கூலு, ஏப்ரல்ல அப்ரைசல்னு கணக்குப் போட்டுட்டு இருந்தேன்.

இன்னொன்னு, அப்பாவ நான்தான் பாத்துக்கிறேன்னு நெனைக்காத. காலையில ஆறே முக்காலுக்கு பஸ் ஏறுனா ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு. அப்பாவ பாத்ரூம் கூட்டிட்டுப் போறது, வேட்டி மாத்துறது, பிசியோ பையன் சொல்லிக்குடுத்த மாதிரி வெரல ஒவ்வொண்ணா நீட்டி மடக்குறது எல்லாம் அம்மாவும் என் வீட்டுக்காரியும்தான். அவ மெட்ராஸ்ல டீச்சர் வேல பாத்தவ, நல்ல பேரு, பிள்ளைய அவ கிளாஸுக்குன்னு அடிச்சுக்கிடும், அத விட்டுட்டுத்தான் வந்திருக்கா, அத ஒரு பய சொல்லல. வீட்டுக்கு வாரவிய எல்லாம் எனக்குத்தான் சர்ட்டிபிகேட் குடுக்காவ, அவ எல்லாருக்கும் காப்பி குடுக்கா. ஒருநாள் டம்ளர கழுவிக்கிட்டே "உங்களுக்கு செல எப்ப வைக்கப் போறாவளாம்"னு கேட்டா. நான் ஒண்ணும் பேசல.

வேலைய பத்தி கேட்டல்லா. தூத்துக்குடில ஒரு கிளியரிங் ஆபீஸ்ல டாக்குமென்டேஷன். முன்ன வாங்குனதுல மூணுல ஒரு பங்கு வராது. எக்ஸ்போர்ட்டர் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் அனுப்புவான், அத வச்சு நாங்க செக்லிஸ்ட் போட்டு கஸ்டம்ஸோட ஐஸ்கேட் சைட்ல ஷிப்பிங் பில் ஏத்தணும், லெட் எக்ஸ்போர்ட்னு ஏத்துமதிக்கு அனுமதி கெடச்சு, கட்-ஆஃப் நேரத்துக்கு முன்ன கன்டெய்னர் ஹார்பருக்குள்ள போயிரணும், இல்லன்னா அந்தக் கப்பல் போச்சு. நெறைய பெட்டி இங்கருந்து சின்னக் கப்பல்ல கொழும்பு போயி அங்கதான் பெரிய கப்பல் மாறுது. நம்ம தேரிக்காட்டுப் பக்கம் சும்மா பாத்துட்டுப் போவோம்லா நிலாவாரை, அந்த எலை இங்கருந்து கன்டெய்னர் கன்டெய்னரா வெளிநாடு போவுது, வயித்துப்போக்கு மருந்துக்கு. வயிறு போறதுக்கான மருந்துன்னு சொல்லணும், நீ தப்பா படிச்சு நிக்கிறதுக்குத் தின்னுராத.

சேந்த ரெண்டாவது வாரம் அந்த எலை சரக்குக்கே 12,500 கிலோவ 1,250ன்னு அடிச்சுட்டேன். மெட்ராஸ்ல இதே தப்புக்கு ஒரு கம்ப்ளைண்ட் டிக்கெட், ரெண்டு மீட்டிங், நாப்பது மெயில் ஓடிருக்கும். இங்க சீனியர் அண்ணாச்சி ஒருத்தர், கண்ணாடிய நெத்தில ஏத்தி விட்டுட்டு பேப்பர்ல வெரல ஓட்டுவாரு, வெரல் அங்க வந்து நின்னுட்டு. "ஏ தம்பி, மிச்ச எலைய கடல்ல கொட்டிரலாமா?"ன்னாரு. அவ்வளவுதான். திருத்திட்டு டீ குடிக்கப் போயிட்டோம். பதினோரு வருஷத்துல நான் டெஸ்ட் பண்ண எதுவும் எப்படி இருக்கும்னு கண்ணால பாத்ததில்லடா, இதுல எலைய கையில எடுத்து மோந்து பாக்கலாம். சம்பளம் கொறஞ்ச வயித்தெரிச்சல் மாசக் கடைசில வருது, இல்லன்னு சொல்லல.

சரி, குலசேகரப்பட்டினம் தசரா கதைக்கு வாரேன், நீ கேட்டதே அதத்தான், போட்டோ அனுப்புன்னு. அனுப்ப மாட்டேன். ஏன்னு கேளு.

அப்பா குறத்தி வேஷம் போட்டது உனக்கு மறக்காதே. எனக்கு ஆறு வயசுல மஞ்சகாமால வந்து பொழச்சதுக்கு ஏழு வருஷம் போடுதேன்னு முத்தாரம்மனுக்கு நேந்துகிட்டாவ. கருப்பட்டி மண்டி கணக்குப்பிள்ள, வெள்ள வேட்டி வெள்ளச் சட்ட, பாவாடையும் ஜிமிக்கியும் போட்டுகிட்டு உடன்குடி பஜார்ல தர்மம் எடுத்தாவ. 96ல நாம நாலாங்கிளாஸ், பாய் கடை முன்ன அது யாருன்னு தெரியாம நீ அப்பா தட்டுல ஒத்த ரூபா போட்ட, நான் உனக்குப் பின்னால ஒளிஞ்சேன். மறுநாள் உண்மை தெரிஞ்சு நீ கிளாஸ் பூரா சொல்லிச் சிரிச்ச. ஒரு வாரம் உன்கூட நான் பேசல. உன்மேல கோவம்னு நீ நெனச்ச, அப்பா மேலதான்.

இந்த வருஷம், 2024ல, அக்டோபர் 3 கொடியேத்தம். அதுக்கு ஒரு மாசம் முன்னாலயே அப்பா அம்மாட்ட வாய் கோணி கோணி சொல்லிருக்காவ, ஸ்ட்ரோக்ல பொழச்சா ஒரு தடவ வேஷம் போடுதேன்னு ஆஸ்பத்திரி பெட்ல நேந்தேன், இனி என்னால முடியாது, அவன் போடுவானான்னு. என்கிட்ட நேரா கேக்கல. மாலை போட்டேன், விரதம் இருந்தேன், காப்பு கட்டுனேன். எந்த வேஷம்னு கேட்டதுக்கு அப்பா சிரிச்சாவ பாரு, அந்தக் கோண வாயில. குறத்திதான்.

மேக்கப் போட ஆள் இருக்கு, தசரா செட்டுல, அதான் வேஷக்காரங்க குழுவுல, வாரவன் காளிக்கே போட்டு விடுவான். அப்பா விடல. சேர்ல உக்காந்துகிட்டு என்னைய கீழ உக்கார வச்சு வலது கையால மை தீட்டுனாவ. கை ஆடுது, ஒரு புருவம் மேல போயிட்டு, பொட்டு நடுவுல இல்ல. என் மக கண்ணாடியக் காட்டி விழுந்து விழுந்து சிரிச்சா. அழிச்சுட்டுத் திரும்ப வைக்கலாம்னு அம்மா சொன்னா, வேண்டாம்னுட்டேன், அப்படியே பஜாருக்குப் போனேன்.

தர்மம் எடுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நமக்குத் தெரியாதுடா. பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட மேனேஜர்ட்ட சம்பள ஹைக் குடுன்னு வாய் தொறந்து கேட்டதில்ல. இங்க ஒவ்வொரு கடையா நின்னு "அம்மா தாயே"ங்கணும். மொத நாலு கடைல சத்தமே வரல, கூட வந்த செட்டு மேளக்காரன்தான் எனக்கும் சேத்து கத்துனான். மொபைல் கடைப் பையன் ஒருத்தன் சில்லற இல்ல ஜிபே இருக்கான்னு கேட்டான், குறத்திக்கு ஏதுல ஜிபேன்னு சொன்னதுக்கு அவன் சிரிச்சு இருபது ரூபா எடுத்துப் போட்டான். அதுக்கப்புறம் வாய் தொறந்துட்டு.

ஆனா கடைசில ஒரு அரிசிக் கடை. மொதலாளி தட்டுல பத்து ரூபா போட வந்தவரு மொகத்தப் பாத்துட்டு, "கணக்குப்பிள்ள மவன்லா"ன்னாரு. உடனே உள்ள பாத்து, "ஏ, அப்பனுக்காக வேலைய விட்டுட்டு வந்தானே அவன்தான், நூறா எடு"ன்னாரு. வேஷம் போட்டும் அது என்னைய விடலடா. வேண்டாம்னு சொல்ல முடியாது, தர்மத்த மறுக்கக்கூடாது. வாங்கி அந்த நோட்ட மட்டும் தட்டுல வைக்காம இடுப்புல தனியா செருகுனேன்.

12ஆம் தேதி ராத்திரி கடற்கரைல சூரசம்ஹாரம். அப்பாவ ஆட்டோல கூட்டிட்டுப் போகலாம்னு பாத்தேன், அந்தக் கூட்டத்துல சைக்கிளே போகாது. வீட்டுல டிவிலதான் பாத்தாவ. நான் மணல்ல நின்னேன், சூரன் யானத்தலையோட வாரான், சிங்கத்தலையோட வாரான், பக்கத்துல ஒரு காளி மகுடத்த கழட்டி மடில வச்சுகிட்டு பிஸ்கட் தின்னுட்டு இருக்கா, அந்தப் பக்கம் போலீஸ் வேஷக்காரன்ட்ட நெஜ போலீஸ் வழி விடச் சொல்லுதாரு. இன்னும் கொஞ்சம் தெக்க போனா ராக்கெட் தளம், 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் போட்டாவள்லா, 2,000 ஏக்கருக்கு மேல. இங்கருந்து தெக்க பாத்து விட்டா நேரா கடல்தான், ஸ்ரீஹரிகோட்டாலருந்து அப்படி விட்டா இலங்கைய சுத்திப் போணும், டீக்கடைல இப்ப எல்லாரும் விஞ்ஞானி. அப்பா சொன்னதுதான் எனக்குப் புடிச்சுது, "அம்மன் வடக்க பாத்து இருக்கா, இவனுவ தெக்க விடுதானுவ, நல்லவேள, எதுக்க வரல."

உண்டியல்ல போடுததுக்கு முந்தின நாள் அப்பா தர்மக் காச எண்ணணும்னாவ. பாய் விரிச்சு கொட்டுனேன். ஒத்தக் கையால ஒரு ரூபா, ரெண்டு ரூபா, அஞ்சு ரூபா தனித்தனியா அடுக்குனாவ, சரியுது, திரும்ப அடுக்குறாவ, யாரையும் தொட விடல. முக்கா மணி நேரம். 4,270 ரூபா. அப்ப எதிர்த்த வீட்டு சித்தப்பா வந்தாரு, அப்பா அவர்ட்ட என்னைக் காட்டி அதே கதைய ஆரம்பிச்சாவ, வார்த்த தெளிவா வராது, ஆனா அந்த ஒண்ண மட்டும் சொல்லும்போது சாஞ்சு கெடக்குற முதுகு நிமிந்துருது மக்கா, நான் பாத்தேன். இத எப்படி போயி இல்லன்னு சொல்லுவேன் சொல்லு. இடுப்புல இருந்த நூறையும் எடுத்து வச்சேன். அப்பா ஒண்ணும் கேக்காம 4,370ன்னு மாத்தி எழுதச் சொன்னாவ.

நீ உன்னைய திட்டிக்கிறத நிறுத்து. உங்க அம்மைக்கு ஆபரேஷன் அன்னைக்கு நானும் உங்க அக்காவும் போயிருந்தோம், கட்டுப் பிரிச்ச உடனே அம்மை எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு நர்ஸ் கம்மல் புதுசான்னு கேட்டா. பில் கட்டுனது நீ. நான் வெறும் பிளாஸ்க் தூக்குனேன்.

தீபாவளிக்கு செஞ்ச முந்திரிக்கொத்து கொஞ்சம் மிச்சம் இருக்கு, மக்ரூனும் சில்லுக்கருப்பட்டியும் வாங்கி வச்சிருக்கேன், உங்க பக்கத்து ரூம்காரன் பதினெட்டாம் தேதி கெளம்புறான்னு சொன்னியே, அவன் நம்பர அனுப்பு, திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுல குடுத்துருதேன். மக்ரூன் நொறுங்கிருச்சுன்னா என்னைய ஏசாத, அவன ஏசு. தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு. படிச்சதும் இத அழிச்சிரு.

மணி ஒண்ணாகப் போவுது, ஆறே முக்கால் பஸ்ஸு இருக்கு.

உன் கடைசி பெஞ்சுக்காரன்