உட்கருக்களை ஓரத்துக்குத் தள்ளியது எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த தசை பற்றிய கட்டுரையை, மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தேன். மையோசின் என்ற புரதம் ஆக்டின் என்ற புரத இழையைப் பற்றி இழுப்பதால் தசை சுருங்குகிறது என்பதைக் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால், மையோசின் போன்ற இயக்கப் புரதங்களுக்குத் தசை உருவான பிறகுதான் வேலை என்ற எண்ணத்தை அக்கட்டுரை விட்டுச்செல்கிறது. உடன் வந்த படமோ, முதிர்ந்த தசைநாரின், அதாவது நீண்ட தசைச்செல்லின், உட்கருக்களை நட்டநடுவில் வரிசையாகக் காட்டுகிறது. எலும்புத்தசை ஸ்லைடை ஒருமுறையேனும் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு, அவை சவ்வை ஒட்டி ஓரத்தில்தான் நீள்வட்டமாகக் கிடக்கும் என்பது தெரியும்.

கருவில் தசை மூலச்செல்கள் பல ஒன்றோடொன்று இணைந்து நீண்ட குழலாக மாறும்போது, அவற்றின் உட்கருக்கள் முதலில் நடுவில்தான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அந்தக் கட்டத்தில், பிற செல்களில் சென்ட்ரோசோம் என்ற நுண்ணுறுப்பிலிருந்து கிளம்பும், தண்டவாளம் போன்ற நுண்குழல்கள் இங்கே உட்கரு உறையிலிருந்தே கிளம்புகின்றன. கைனெசின், டைனெயின் என்ற இயக்கப் புரதங்கள் அந்த நுண்குழல்களைப் பற்றிக்கொண்டு உட்கருக்களை நீளவாக்கில் பரப்புகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்துக் கைனெசின் வைக்கும் ஓர் அடி 8 நானோமீட்டர்தான். கைனெசின் இல்லாதபடி செய்யப்பட்ட எலித்தசைகளில் உட்கருக்கள் பரவாமல் குவிந்தே கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

எங்கள் குடியாத்தத்து நெசவாளர் தெருவில், தறிக்கான நீளவாட்டு நூல்களை விரித்துப் பாவு நீட்டுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் சிரமப்படவில்லை. தெரு நீளத்துக்கும் ஆட்கள் இடைவிட்டு நின்று, அவரவர் கைக்கெட்டிய நூலை அவரவர் பார்த்துக்கொள்வதைப்போல, ஒவ்வொரு உட்கருவும் தன்னைச் சுற்றியுள்ள பகுதிக்கு வேண்டிய புரதத்துக்குப் பொறுப்பேற்கிறது. எல்லாரும் ஒரே இடத்தில் கூடி நின்றால் பாவு என்னவாகும் என்று ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணே கேட்டாள்.

நீளவாக்கில் பரவியபின் உட்கருக்கள் ஓரத்துக்கு ஒதுங்குவது தனிக்கதை. புதிதாக உருவாகும் தசை நுண்ணிழைகள் சுருங்கி, ஒன்றோடொன்று பிணைந்து இறுகும்போது, இடையில் அகப்பட்ட உட்கருவைப் பிதுக்கி வெளியே தள்ளுகின்றன. அந்தச் சுருக்கத்தைத் தருவது கட்டுரையாளர் குறிப்பிட்ட அதே மையோசின்தான்! முதிர்ந்த தசையில் சுமை தூக்கும் புரதம், அதற்கு முன்பே தன் வீட்டில் சாமான்களை ஒதுக்கி வைத்துவிடுகிறது.

கருவில் மிகுதியாக உருவாகி, பிறந்தபின் பெரும்பாலும் மறைந்துபோகும் ஒரு மையோசின் வகையும் உண்டு. அதற்குரிய மரபணுவில் நேரும் பிழையால், விரல்கள் மடங்கியும் பாதம் வளைந்தும் குழந்தைகள் பிறப்பதுண்டு என 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அந்தப் புரதம் ஏறக்குறைய இல்லாமற்போன வயதிலும் அதன் தழும்பு கைகால்களில் நிற்கிறது. கட்டுரையில் இதற்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தால், சுருக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவு பிள்ளைகளுக்குப் பிடிபட்டிருக்கும்.

அடுத்த இணைப்பில் அந்தப் படத்தைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இளம் தசைக்குழலையும் முதிர்ந்த தசைநாரையும் அருகருகே வரைந்தால் நல்லது. தாங்கள் வெளியிட்ட படத்தை இரண்டு மாணவர்கள் அப்படியே நோட்டில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.