பாம்புக்கடியும் பெனால்டி கார்னரும்

அன்பு நண்பா,

கோவில்பட்டியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பேரனுக்கு ஹாக்கி மட்டை வாங்கிக் கொடுத்த செய்தி மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. இங்கு அனைவரும் நலம்.

சென்ற வாரம் எங்கள் உள்ளூர் வானொலியில் மருத்துவர் ஒருவர் பாம்புக்கடி பற்றிப் பேசினார். நிலக்கடலைக் கொல்லையில் வேலை செய்வோருக்கான வழக்கமான அறிவுரை என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவே அவர், கடிபட்டவரைப் பிழைக்க வைப்பது ஹாக்கியில் பெனால்டி கார்னர் அடிப்பதைப் போன்றது என்றார். எதற்கெடுத்தாலும் கிரிக்கெட்டையே உவமையாக்கும் இந்நாளில் அதைக் கேட்டதும் உன் நினைவுதான் வந்தது.

பெனால்டி கார்னரில் எல்லைக்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுகிறார், வட்டத்துக்கு வெளியே இன்னொருவர் அதை நிறுத்துகிறார், மூன்றாமவர் கோலுக்குள் செலுத்துகிறார். கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், மந்திரிக்க அழைத்துப் போகாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவரும் உறவினரே அந்த முதல் ஆட்டக்காரர். விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கும் ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டாமவர். கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றுபோகும் நிலையில் செயற்கைச் சுவாசம் தரும் பெரிய மருத்துவமனை மூன்றாமவர் என்று அவர் விளக்கினார். ஊரார் நன்றி சொல்வது மூன்றாமவருக்கு மட்டுமே என்றும், முதல் தள்ளு பிசகிவிட்டால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு என்றும் அவர் சொன்னபோது குரலில் வருத்தம் தெரிந்தது.

ஆட்டத்தை அறிந்தவர் சொன்ன உவமை இது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என வென்று நாம் வெண்கலம் பெற்றபோது, இரண்டு கோல்களையும் பெனால்டி கார்னரில் ஹர்மன்பிரீத் சிங்கே அடித்தார். அவர் பெயரை நாடே சொல்லிற்று. எல்லைக்கோட்டில் குனிந்து நின்று பந்தைத் தள்ளியவரை நீயும் நானும்கூடத் தேடவில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு அந்த முதல் தள்ளு சரியாக அமைந்திருந்தால் உயிர் தங்கியிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஆயினும், அந்த உவமையில் ஆடுகளத்தையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்தபோது, புல்தரையில் பழகிய நம் அணி ஏழாம் இடத்துக்குப் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். தளம் மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது. இங்கே, எங்கள் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்னும் ஊர்ப் பகுதியைச் சேர்ந்த அல்லேரி மலையில், 2023இல் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாததால் மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன்பே இறந்துபோயிற்று. பெற்றவர்கள் எவ்வளவு விரைந்தாலும், பந்து உருண்டு செல்லத் தரையே இல்லாத இடத்தில் முதல் ஆட்டக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலையூர்களுக்குச் சாலை போடுவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதையெல்லாம் எழுதி, அந்தப் பேச்சை மறுபடியும் ஒலிபரப்பும்படி வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இனி பேசும்போது, இரவில் டார்ச் விளக்கில்லாமல் வரப்பில் நடக்க வேண்டாம் என்பதையும் வெறுந்தரையில் படுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பயிற்சியாளர்கள் எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவதற்கென்று பிள்ளைகளைத் தனியே பழக்குகிறார்களா? பேரனிடம் விசாரித்து அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்
வேலூர்