நகர ஜவுளிக்கடை ஊழியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் கடை முடித்து நேரே இங்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா வசூல், கண் பரிசோதனை முகாம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவை அதிகம் அலைக்கழித்தது கேமரா விவகாரம்தான்.

2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. விற்பனையாளர்கள் உட்கார இருக்கை கட்டாயமானது. நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போகும் நமக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் இந்த ஆண்டு ஒரு கடையில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்களைக் கேமராவிலிருந்து படமெடுத்து ஊழியர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். சம்பளத்திலும் பிடித்தார்கள். இப்போது அங்கே ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை.

துணைச் செயலாளரும் நானும் முதலாளியைப் பார்த்தோம். திருட்டைத் தடுக்கத்தான் கேமரா என்றார். சரக்கு குறைந்தால் பழி நம்மேல்தான் விழுகிறது. ஆகவே விற்பனைத் தளத்தில் கேமராவே கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. சாப்பிடும் அறையில் எதற்கு? யூனிஃபார்ம் புடவை மாற்றும் அறை வாசலில் எதற்கு? அந்தப் படங்களை யார் யார் பார்க்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் வரவில்லை.

பிடித்தம் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 19-ஆம் பிரிவுப்படி, அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவித்த தவறுகளுக்கு மட்டுமே அபராதம் போடலாம். அதற்கும் முன்னால் ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும். சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை எழுத்தில் கொடுத்ததும் பணம் திரும்பி வந்தது.

படம் விஷயத்தில் நம் கை அவ்வளவு பலமாக இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான காரியங்களுக்கும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. நம்மைப் போன்றவர்களை நினைக்காமல் எழுதிய பிரிவு அது என்றே எனக்குப் படுகிறது.

அதனால் தொழிலாளர் துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம்: கேமரா இருக்கும் இடங்களை எழுதி ஒட்ட வேண்டும், சாப்பிடும் அறையிலும் உடைமாற்றும் அறைப் பக்கத்திலும் கூடாது, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல வேண்டும், ஊழியர் படத்தைக் குரூப்பில் போடுவதை உடனே நிறுத்த வேண்டும். இதைப் பேரவைத் தீர்மானமாக நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பிடித்தம் நடந்த தேதியையும் தொகையையும் குறித்து வைத்திருப்பவர்கள் இன்றே துணைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகவும்.