துண்டு வேண்டும், இரண்டு துண்டு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதை 'இருட்டு வியாபாரம்' என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நாற்பது வருடங்களாகக் கண்ணபுரம் சித்திரைச் சந்தைக்கும் பொள்ளாச்சி செவ்வாய், வியாழன் சந்தைகளுக்கும் போய்வருகிறவன் நான். நீங்கள் எழுதியதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன்.

மாடு விற்க வருகிற பலர் கல்யாணச் செலவோ கடனோ கழுத்தை நெரிக்க வருகிறவர்கள். ஒருவர் கேட்ட விலை நாலு பேர் காதில் விழுந்துவிட்டால், அடுத்து வருகிறவர் அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறமாட்டார். விரலோடு போனால், பேரம் முறிந்தாலும் மாட்டின் விலை கெடாது. எத்தனை விரல் பிடிக்கிறோமோ அதுதான் கணக்கு. அது ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும்.

மறைப்பது விலையைத்தான், மாட்டை அல்ல. வாயைத் திறந்து கீழ்த்தாடையைப் பார்க்கலாம். பால்பல் விழுந்து முளைத்தது இரண்டு பல் என்றால் இரண்டு, இரண்டரை வயது. எட்டும் முளைத்துவிட்டால் தேய்மானத்தை வைத்துத்தான் வயதை மதிப்பிட வேண்டும். நடக்கவிட்டுப் பார்க்கலாம், உடம்பில் மயிர் சுழித்திருக்கிற சுழியை வைத்து ராசி பார்க்கலாம். (சுழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஆகாது என்று சொல்கிற பாடைச் சுழி மாட்டை ஓட்டிவந்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.)

கெட்டுப்போனது வேறு இடத்தில். முன்பு விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரே துண்டுக்குள் இருக்கும். தரகர் இருவரையும் இழுத்துப்பிடித்துப் படியவைப்பார். இப்போது சில தரகர்கள் விற்பவரிடம் ஒரு துண்டும் வாங்குபவரிடம் ஒரு துண்டும் போடுகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கிடாரியை விற்றேன். வாங்கியவரைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்துப் பேச்சுக் கொடுத்த பிறகுதான், என் கைக்கு வந்ததைவிட நான்காயிரம் கூடக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. தரகு வேறு இருவருமே தனியாகக் கொடுத்திருந்தோம்.

ஆகவே துண்டை எடுக்கச் சொல்லாதீர்கள். பேரம் படிந்ததும், சந்தைக் கட்டணத்துக்குச் சுங்கச் சீட்டுப் போடுகிற இடத்தில் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து நின்று விலையையும் தரகையும் சொல்லி எழுதவைக்கட்டும். கயிறு மாற்றும்போது எப்படியும் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறோம். விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்கிறார், வாங்கியவர் புதுக் கயிறு போடுகிறார். அந்த இடத்தில் "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்க நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளகோவில்