அணியால் சட்டை மாற்றிக்கொள்ள முடியாது: சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் கிர்ஸ்டி கோவென்ட்ரி அவர்களும் குழு உறுப்பினர்களும், சர்வதேச ஒலிம்பிக் குழு, லொசான், சுவிட்சர்லாந்து.

வணக்கம்.

ஃபேரோ தீவுகளின் ஆண்கள் ஹேண்ட்பால் அணிக்காக இந்த மடலை எழுதுகிறேன். நான் அந்த ஊர்க்காரன் இல்லை, அங்கே போனதும் இல்லை. கையால் பந்தை எறிந்து கோல் போடும் இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் பேச ஆள் கிடைக்காமல் தவிக்கும் ஒரு ரசிகன், அவ்வளவுதான். அந்த அணி எத்தனை நன்றாக ஆடினாலும், யாரைத் தோற்கடித்தாலும் ஒலிம்பிக்கில் ஆட முடியாது என்பதை அறிந்த நாளிலிருந்து இந்த விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தடுப்பது உங்கள் சாசனத்தின் ஒரு வாக்கியம். அதை மாற்ற உங்களால் முடியும் என்பதால்தான் மடல் உங்களுக்கு வருகிறது.

உங்களுக்குத் தெரிந்த இடம்தான், இருந்தாலும் தமிழ் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வட அட்லாண்டிக்கில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில் 18 தீவுகள். மொத்த மக்கள்தொகை சுமார் 54,000. டென்மார்க் அரசுக்குள் தன்னாட்சி பெற்ற நிலம். சொந்த மொழி, சொந்த நாடாளுமன்றம், சொந்தக் கொடி எல்லாம் உண்டு. டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஃபேரோ இல்லை. கால்பந்தில் 1988 முதல் ஃபிஃபா உறுப்பினர். ஹேண்ட்பாலில் சர்வதேச சம்மேளனத்திலும் ஐரோப்பிய சம்மேளனத்திலும் முழு உறுப்பினர்.

இனி அந்த அணியின் கதைக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் மூன்றாம் இடம் பெற்ற அணிகளில் சிறந்த நான்கில் ஒன்றாக உள்ளே வந்தார்கள். ஆட்டங்கள் பெர்லினில். ஸ்லோவேனியாவிடம் 29-32 என்று தோற்றார்கள். அடுத்து நார்வே. உலகப் போட்டிகளில் இறுதி ஆட்டம் வரை போய் வந்த அணி அது. கடைசி நிமிடங்களில் ஃபேரோ பின்தங்கி இருந்தது, ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் ஒரு பெனால்டி கிடைத்தது. 7 மீட்டர் கோட்டில் நின்றவர் எலியாஸ் எலெஃப்சன். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெர்மனியின் கீல் கிளப்பில் சேர்ந்திருந்த இளைஞர். பந்து வலைக்குள் போனது, 26-26. ஒரு பெரிய போட்டியில் அவர்கள் எடுத்த முதல் புள்ளி அது. மூன்றாவது ஆட்டத்தில் போலந்திடம் 28-32 என்று தோற்றுத் திரும்பினார்கள்.

சரி, ஒரு டிராவும் இரண்டு தோல்வியும் பெரிய விஷயமா என்று கேட்கலாம். அரங்கில் இருந்தவர்களைப் பாருங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபேரோ மக்கள் பெர்லினுக்கு வந்ததாகச் செய்திகள் எழுதின. நாட்டின் ஜனத்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! ஜனவரி மாதக் குளிரில், கடலைத் தாண்டி, ஒரு ஹேண்ட்பால் அணிக்காக. இப்படி வேறொரு நாடு கிளம்பி நான் பார்த்ததில்லை.

அதோடு அது ஒரு நாள் கூத்தும் இல்லை. டென்மார்க்கிலிருந்து வந்த பயிற்சியாளர் பீட்டர் பிரெட்ஸ்டோர்ஃப்-லார்சன் கையில் வந்து சேர்ந்தது ஒரு முழுத் தலைமுறை. எலியாஸ் கீலில், வலது விங் (வலது ஓர ஆட்டக்காரர்) ஹாகுன் வெஸ்ட் பெர்லின் கிளப்பில், அவர்களுக்கும் இளையவர் ஓலி மிட்டுன். 2025இல் போலந்தில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஃபேரோ வெண்கலம் வென்றது. பெரியவர்கள் அணி 2026 ஐரோப்பியப் போட்டிக்கும் தகுதி பெற்று ஆஸ்லோவில் ஆடியது. பெண்கள் அணியும் 2024 ஐரோப்பியப் போட்டியிலும் 2025 உலகப் போட்டியிலும் ஆடிவிட்டது. அவர்களுக்குத் தனி மடலே எழுத வேண்டும்.

இப்போது உங்கள் சாசனத்துக்கு வருவோம். 1996இல் நீங்கள் விதியை இறுக்கினீர்கள். அதன்படி ஒலிம்பிக்கில் 'நாடு' என்றால் சர்வதேசச் சமூகம் அங்கீகரித்த சுதந்திர அரசு. ஃபேரோ சுதந்திர அரசு இல்லை, ஆகவே இடமில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே உள்ளே வந்தவர்களை நீங்கள் அப்படியே வைத்திருக்கிறீர்கள். போர்ட்டோ ரிகோ, குவாம், ஹாங்காங், கேமன் தீவுகள், அரூபா. அரூபாவைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நெதர்லாந்து அரசுக்குள் தன்னாட்சி பெற்ற தீவு, 1986இல் அங்கீகாரம் பெற்றது. டென்மார்க்குக்கு ஃபேரோ எப்படியோ, நெதர்லாந்துக்கு அரூபா ஏறக்குறைய அப்படித்தான். ஒருவர் விதி இறுகுவதற்குப் பத்து ஆண்டு முன்னால் அங்கீகாரம் பெற்றுவிட்டார், இன்னொருவர் பெறவில்லை. வேறு வித்தியாசம் என்ன?

பெர்முடாவும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட இடம், சுமார் 64,000 பேர். டோக்கியோவில் ஃப்ளோரா டஃபி பெண்கள் டிரையத்லானில் தங்கம் வென்றபோது உலகமே கொண்டாடியது, உங்கள் குழுவும்தான். இத்தனை சிறிய இடத்துக்கு ஒரு தங்கமா என்று எல்லோரும் வியந்தார்கள். அந்த வியப்பை அனுபவிக்கத் தெரிந்த உங்களுக்கு நான் கேட்பதும் புரியும்.

இதற்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: ஃபேரோ வீரர்கள் டென்மார்க்குக்காக ஆடலாமே. தனிநபர் விளையாட்டில் அது ஒருவகையில் நடந்தும் இருக்கிறது. சூதுரோய் தீவின் வாகுர் கிராமத்து நீச்சல்காரர் பால் யோன்சன் 2010 ஐரோப்பியப் போட்டியில் ஃபேரோ கொடியின் கீழ் 1500 மீட்டரில் வெள்ளி வென்றார். லண்டன் ஒலிம்பிக்கில் டென்மார்க் தொப்பி போட்டு நீந்தினார். மனசுக்கு எப்படி இருந்திருக்குமோ, நீந்தவாவது முடிந்தது.

அணிக்கு அந்த வழியே கிடையாது. நீச்சல்காரர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சட்டையை மாற்றிக்கொள்வார். பதினாறு பேர் கொண்ட அணி எப்படி மாற்றிக்கொள்ளும்? ஹேண்ட்பால் விதிப்படி ஒரு வீரர் நாடு மாற வேண்டுமென்றால் பழைய நாட்டுக்காக ஆடி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஒலிம்பிக்குக்காக ஒரு கோடைக்கு டேனிஷ்காரராக மாறி, ஜனவரியில் திரும்பிவந்து ஃபேரோவுக்கு ஆடுவதெல்லாம் நடக்காது. அப்படியே மாறினாலும் போய்ச் சேரும் இடம் எது? 2019, 2021, 2023, 2025 என்று வரிசையாக நான்கு உலகக் கோப்பை வென்ற அணி. பாரிஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 39-26 என்று அடித்துத் தங்கம் வாங்கிய அணி. இந்த உலகத்தில் உள்ளே நுழையக் கடினமான ஹேண்ட்பால் அணி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். 'டென்மார்க்குக்கு ஆடலாமே' என்று சொல்வது சுலபம்.

ஃபேரோவின் தலைநகர் டோர்ஷவ்னில் பிறந்த யோஹான் ஹான்சன் அந்த வழியில் போனார், டென்மார்க்கின் வலது விங்காக உலகக் கோப்பையும் வென்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, அவர் திறமைக்கு அது தகும். எலியாஸும் ஓலியும் ஊர்ச் சட்டையிலேயே நின்றார்கள். என் வருத்தம் இதுதான்: பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒலிம்பிக் கனவா, கூட வளர்ந்த நண்பர்களின் அணியா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஐஸ்லாந்துப் பையனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த ஐஸ்லாந்து 2008இல் பெய்ஜிங்கில் அரையிறுதியில் ஸ்பெயினை வென்று, இறுதியில் பிரான்ஸிடம் தோற்று வெள்ளி வாங்கியது.

ஐஸ்லாந்தும் ஒரு காலத்தில் டேனிஷ் மன்னரின் கீழ்தான் இருந்தது. 1944இல் குடியரசானது. ஃபேரோ மக்களும் 1946இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பிரிந்து போவதற்குச் சிறிய வித்தியாசத்தில் ஆதரவு விழுந்தது. மன்னர் அவர்களுடைய நாடாளுமன்றத்தைக் கலைத்தார், புதுத் தேர்தல் வந்தது, 1948இல் தன்னாட்சியோடு சமரசம் ஆனது. அன்று கணக்கு சற்று வேறாக முடிந்திருந்தால் இன்று நான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எண்பது ஆண்டுக்கு முந்தைய அரசியலுக்கு இன்றைய கோல்கீப்பர் என்ன செய்வார்?

களத்தில் இதன் விளைவு இன்னும் விசித்திரமானது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஆண்கள் ஹேண்ட்பாலில் 12 இடங்கள். போட்டியை நடத்தும் நாடு, உலக சாம்பியன், கண்டங்களின் சாம்பியன்கள் போக மீதி ஆறும் தகுதிப் போட்டிகள் வழியாக. அந்தத் தகுதிப் போட்டிகளுக்கு வழி விடுவது உலகப் போட்டியிலும் கண்டப் போட்டிகளிலும் வாங்கிய இடம். ஃபேரோ அதே ஐரோப்பியப் போட்டியில் அதே பந்தோடு ஆடுகிறது. ஆனால் ஒலிம்பிக் இடங்களைப் பிரிக்கும்போது அவர்கள் பெயரைத் தாண்டித்தான் எண்ண வேண்டும். 2026 போட்டிக்கான தகுதிச் சுற்றில் அவர்களோடு ஒரே பிரிவில் இருந்தவை நெதர்லாந்து, உக்ரைன், கொசோவோ. கொசோவோ ஐ.நா. உறுப்பினர் இல்லை. ஆனாலும் 2014 இறுதியில் நீங்கள் அங்கீகரித்தீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். விதியை மனிதர்களுக்காக வளைக்க உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாராலிம்பிக் பக்கமும் சற்றுத் திரும்பிப் பாருங்கள். ஃபேரோ 1984 முதல் அங்கே சொந்தக் கொடியோடு போகிறது, நீச்சலில் பதக்கங்களும் வென்றிருக்கிறது. அதனால் உலக ஒழுங்கு எதுவும் குலைந்ததாகத் தெரியவில்லை.

கதவைத் திறந்தால் ஸ்பெயினின் கேட்டலோனியா வரும், பிரிட்டனின் ஸ்காட்லாந்து வரும் என்று உங்கள் சட்ட ஆலோசகர்கள் பயப்படுவார்கள். அது வெற்றுப் பயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு அணை கட்டலாம். குறைந்தது ஐந்து ஒலிம்பிக் விளையாட்டுகளின் சர்வதேச சம்மேளனங்களில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று உங்கள் சாசனமே கேட்கிறது. கால்பந்து, ஹேண்ட்பால், நீச்சல், வாலிபால், பேட்மின்டன், டேபிள் டென்னிஸ் என்று ஃபேரோ அதைத் தாண்டிவிட்டது. அதோடு தாய்நாட்டின் ஒலிம்பிக் குழுவின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்று ஒரு நிபந்தனை வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் வரிசை மிகவும் சிறிதாகிவிடும். டென்மார்க்குக்குள் இருக்கும் இன்னொரு தன்னாட்சி நிலமான கிரீன்லாந்து அதில் நிற்கக்கூடும், நிற்கட்டுமே. அவர்களும் 2001, 2003, 2007 உலக ஹேண்ட்பால் போட்டிகளில் ஆடியவர்கள்தான்.

தலைவர் அவர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ஜிம்பாப்வே இதுவரை வென்ற எட்டு ஒலிம்பிக் பதக்கங்களில் ஏழு நீங்கள் நீந்தி வென்றவை. எட்டாவது, காலவரிசையில் முதலாவது, 1980இல் மாஸ்கோவில் பெண்கள் ஹாக்கி அணி வென்ற தங்கம். நாடு பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தனி ஆளாக வென்ற பதக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓர் அணி ஊருக்குக் கொண்டுவரும் பதக்கம் எப்படிப்பட்டது என்பதையும் அந்தப் பெண்களின் கதையைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாளைக்கே அங்கீகாரம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த பொதுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சாசனத்தின் அந்த விதியை மறுபரிசீலனைக்கு வையுங்கள். ஃபேரோ விளையாட்டுக் கூட்டமைப்பு 1939 முதல் இயங்கிவருகிறது, அவர்களை நேரில் அழைத்துக் கேளுங்கள். கூடவே அந்த ஹேண்ட்பால் வீரர்களில் ஒருவரையும் கூப்பிடுங்கள், சட்டக்காரர்கள் சொல்லாததை அவர் சொல்வார். மறுப்பதானால் அரூபாவுக்கும் ஃபேரோவுக்கும் என்ன வித்தியாசம் என்பதை அவர்களுக்கு எழுத்தில் விளக்குங்கள். எனக்குப் பதில் போட வேண்டாம். டோர்ஷவ்னுக்குப் போடுங்கள், எந்தத் தேதியில் லொசானுக்கு வரலாம் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹேண்ட்பால் ரசிகன்