ராத்திரிக் கணக்கையும் டாக்டரிடம் சொல், கண்ணு

அன்புள்ள கண்ணு,

போனில் பேசும்போது "வயிறு பரவாயில்லைம்மா, தூக்கம்தான் சரியில்லை" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அது அப்படி விடுகிற விஷயம் இல்லை. உனக்கு இருக்கிற அல்சரேட்டிவ் கொலைட்டிஸில், அதாவது பெருங்குடலில் புண் வருகிற இந்த நோயில், வயிறு வேறு, தூக்கம் வேறு என்று பிரிக்க முடியாது. குடலில் புண் கிளம்பியிருக்கும்போது உடம்பில் கூடுகிற டிஎன்எஃப் மாதிரியான அழற்சிப் பொருட்கள் தூக்கத்தையும் கலைக்கும், தூக்கம் கெட்டால் அழற்சிக்கும் அது சாதகம்தான். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு குடல் நோயான கிரோன்ஸ் அடங்கியிருந்தவர்களில் சரியாகத் தூங்காதவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்புவது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2013இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. கொலைட்டிஸ்காரர்களிடம் அது அப்படித் தெரியவில்லை, அதனால் பயப்படாதே, ஆனால் கவனி.

முதலில் உன்னை எழுப்புவது எது என்று பார். மோஷன் வந்து எழுந்தால் அது அழற்சி இன்னும் அடங்கவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். டென்ஷனில் கலங்குகிற வயிறு பகலில் படுத்தும், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பெரும்பாலும் எழுப்பாது. வார்டில் அத்தனை வருஷம் நைட் டியூட்டி பார்த்தவள் சொல்கிறேன், டாக்டர் "எத்தனை தடவை போகிறது" என்று கேட்டால் எல்லோரும் பகல் கணக்கைத்தான் சொல்வார்கள், நீயும் அதைத்தான் சொல்வாய். ராத்திரி எத்தனை தடவை, ரத்தம் இருந்ததா, எழுந்த பிறகு தூக்கம் வந்ததா, எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு போய்க் காட்டு. தேவைப்பட்டால் மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்த்து, அழற்சி இருக்கிறதா என்று அவர்களே சொல்வார்கள்.

அப்புறம் அந்த பிரெட்னிசலோன், நீ போடுகிற ஸ்டீராய்டு மாத்திரை. பஸ்ஸில் போகும்போது வயிறு முடுக்கிவிடும் என்ற பயத்தில் நீ காலை டிபனையே விட்டுவிடுகிறாய், அது எனக்குத் தெரியும். டிபன் இல்லை என்பதால் மாத்திரை மதியத்துக்கும் சில நாள் சாயங்காலத்துக்கும் தள்ளிப்போகிறது, ராத்திரி ஒரு மணிக்கும் கண் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாய். நம் உடம்பே இந்த வகை ஹார்மோனைக் காலையில்தான் அதிகம் சுரக்கும், ராத்திரியில் குறைத்துவிடும். அதனால்தான் ஸ்டீராய்டைக் காலையில் சாப்பாட்டோடு போடச் சொல்வது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள். தூக்கம் கெடுகிறது என்று நீயாக மட்டும் நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்துவது ஆபத்து, டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

படுத்தால் கால் ஒரு மாதிரி ஊறுகிறது, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்றாயே, அது இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ரத்தம் போகிறவர்களுக்கு இது சகஜம். ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று காட்டுகிற பெரிட்டினும் பார்க்கச் சொல். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், அழற்சி இருக்கும்போது பெரிட்டின் தானாகவே ஏறும், அதனால் ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருந்தாலும் 100க்குக் கீழே இருந்தால் குறைபாடு இருக்கலாம், டாக்டரிடம் கேள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் டிரிப்பில் ஏற்றுவார்கள். உடம்பு வலிக்கிறது என்று ஐபூபுரூஃபென், டைக்ளோஃபெனக் எதையும் வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதே, குடல் புண்ணைக் கிளப்பிவிடும்.

இதையெல்லாம் விட எனக்கு வருத்தம், படுத்துக்கொண்டு வயிறு எப்போது கூப்பிடும் என்று காத்துக்கிடக்கிறாயே, அதுதான். நாலு பேருக்கு ஒரு பாத்ரூம், அதில் ஆள் இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு இருக்கிறவரை எந்த மாத்திரை போட்டாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அப்படிப் பயந்து பயந்து கெட்ட தூக்கம், நோய் அடங்கிய பிறகும் சில பேருக்குத் திரும்புவதில்லை. அதற்கு தூக்க மாத்திரைக்கு முன்னால் சிபிடி-ஐ என்று பேசிப் பழக்கத்தை மாற்றுகிற சிகிச்சை இருக்கிறது, அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அதைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகச் சொன்னது. உங்கள் டாக்டரிடம் அதையும் கேள்.

இந்த மாதமே அட்டாச்டு பாத்ரூம் உள்ள ரூமாகப் பார். வாடகை கூட வரும் என்று யோசிக்காதே, அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும் சொல், அப்பா அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பெரிட்டின் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் போடு.

அம்மா